நுண்ணுயிர்களிடம் நாம் வாங்கிய கடன்

1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. என்ன நோய் என்று பிடிபடாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். தேடிப் பார்த்தும் தொற்றுக்கிருமி எதுவும் சிக்கவில்லை. விசாரணை கடைசியில் தீவனத்தில் போய் நின்றது. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. அது சுரந்த நஞ்சுதான் பறவைகளின் கல்லீரலை அழித்திருந்தது. அந்த நஞ்சை இன்று அஃப்ளாடாக்சின் என்கிறோம்.

கால்நடை மருத்துவர்கள் தொடங்கிய இந்தத் தேடல் பிறகு புற்றுநோய் ஆய்வாளர்களின் கைக்குப் போனது. அஃப்ளாடாக்சின் மனிதக் கல்லீரலுக்குள் நுழைந்ததும் அங்குள்ள நொதிகள் அதை வெளியேற்றுவதற்காக மாற்றுகின்றன. அப்படி மாறும்போது உருவாகும் பொருள் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு மரபணுவைக் கெடுக்கிறது. செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் பி53 மரபணுவில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் அது ஏற்படுத்தும் பிழையைக் கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளில் அடையாளம் காண முடிகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றும் சேர்ந்துவிட்டால் ஆபத்து பல மடங்கு பெருகும். நஞ்சின் அளவு மிக அதிகமானால் சில நாட்களிலேயே உயிர் போகும். 2004இல் கென்யாவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டவர்களில் 317 பேர் நோயுற்றார்கள், 125 பேர் இறந்தார்கள்.

தீர்வு வயலில்தான் கிடைத்தது. இந்தப் பூஞ்சையின் எல்லா வகைகளும் நஞ்சு சுரப்பதில்லை என்று அதன் வாழ்க்கையைக் கவனித்துப் படித்தவர்கள் கண்டார்கள். முளைக்காதபடி சூடாக்கிய சோள விதைகளில் நஞ்சில்லாத வகையை ஏற்றி, பயிர் பூப்பதற்குச் சில வாரங்கள் முன்பு வயலில் தூவுகிறார்கள். அது முந்திக்கொண்டு பரவிவிடுவதால், நஞ்சு சுரக்கும் வகைக்கு இடமில்லாமல் போகிறது. அமெரிக்கப் பருத்தி வயல்களில் தொடங்கிய இந்த முறை இன்று பல ஆப்பிரிக்க நாடுகளில் மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் காக்கிறது. அங்கே பயன்படுவது அந்தந்த நாட்டு மண்ணிலிருந்தே பிரித்தெடுத்த பூஞ்சை வகைகள். விதை தூவும் விவசாயி, தான் கல்லீரல் புற்றுநோய்த் தடுப்பு வேலையும் செய்கிறார் என்று நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

நுண்ணுயிரியல் மருத்துவத்துக்கு என்ன செய்தது, நோய்த் தடுப்புக்கு என்ன செய்தது, வேளாண்மைக்கு என்ன செய்தது என்று தனித்தனியாகக் கேட்பதுதான் வழக்கம். பல்கலைக்கழகத் துறைகளும் அரசு அமைச்சகங்களும் அப்படித்தான் பிரிந்து நிற்கின்றன. நுண்ணுயிர்களுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. இந்த அறிவியலின் பெரிய வெற்றிகளை வரிசையாகப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். அவற்றில் பெரும்பாலானவை நாம் யோசித்துக் கண்டுபிடித்த உத்திகளே அல்ல. நுண்ணுயிர்கள் தங்களுக்குள் போட்டியிடவும் கூட்டுச் சேரவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வைத்திருந்த உத்திகள் அவை. பொறுமையாகக் கவனித்தவர்களின் கண்ணில் பட்டன, நாம் எடுத்துக்கொண்டோம்.

மண்ணில் கிடைத்த மருந்துகள்

பெனிசிலின் கதை எல்லோரும் அறிந்தது. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் பாக்டீரியாத் தட்டில் பூஞ்சை விழுந்த இடத்தைச் சுற்றி பாக்டீரியா வளராததைக் கவனித்தார். அது மருந்தாவதற்கு 1940களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் உழைக்க வேண்டியிருந்தது. அதிர்ஷ்டத்துக்கு அந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அதற்கு அடுத்து வந்த மருந்து.

செல்மன் வாக்ஸ்மன் மருத்துவர் அல்ல, மண் நுண்ணுயிரியலாளர். அமெரிக்காவின் நியூஜெர்சியில் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணின் மட்கு எப்படி உருவாகிறது, அதில் என்னென்ன வாழ்கின்றன என்று படித்துக்கொண்டிருந்தவர். ஒரு பிடி மண்ணுக்குள் எண்ணற்ற நுண்ணுயிர்கள் ஒரே உணவுக்குப் போட்டியிடுகின்றன. அப்படியானால் ஒன்றையொன்று அடக்கும் பொருட்களும் அங்கே இருக்க வேண்டும். அவற்றைத் திட்டமிட்டுத் தேடினால் என்ன? மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்தில் அவருடைய குழு தேடியது. அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். காசநோய்க் கிருமியைக் கொன்ற முதல் ஆன்டிபயாடிக் அதுதான். பெனிசிலினால் அந்தக் கிருமியை ஒன்றும் செய்ய முடிந்திருக்கவில்லை. 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. ஷாட்ஸ் அதற்கு முன்பே நீதிமன்றம் போய்த்தான் தன் பங்கை ஏற்கவைத்திருந்தார். இளம் ஆய்வாளர்களின் உழைப்பு மறைந்துபோவது அன்று தொடங்கியதும் அல்ல, அன்றோடு முடிந்ததும் அல்ல.

1948இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு சோதனை முடிவு இங்கே முக்கியம். ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த காசநோயாளிகள் 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். கொடுக்காத 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர். அபாரமான முடிவு. ஆனால் மருந்து பெற்றவர்களில் பலரின் உடலில் சில மாதங்களிலேயே மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றின. ஆண்டுகள் செல்லச் செல்ல இரு குழுக்களுக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோனது. காசநோய்க்கு ஏன் பல மருந்துகளை ஒன்றாக, மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஒரு மருந்தைத் தப்பும் மாற்றம் லட்சக்கணக்கான கிருமிகளில் ஒன்றுக்காவது இருக்கும். ஒரே நேரத்தில் மூன்று மருந்துகளைத் தப்பும் மாற்றங்கள் ஒரே கிருமியில் கூடுவது மிக மிக அரிது. எளிய கணக்குதான். அந்தக் கணக்கைப் போடுவதற்குக் கிருமி எப்படிப் பெருகுகிறது, எப்படி மாறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

மண்ணிலிருந்து வந்தவற்றில் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஜப்பானில் சதோஷி ஓமுரா சேகரித்த ஒரு மண் மாதிரியிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ், புழுக்களைக் கொல்லும் ஒரு பொருளைச் சுரந்தது. அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் குழு அதை ஐவர்மெக்டின் என்ற மருந்தாக மாற்றியது. முதலில் அது கால்நடைகளுக்கான மருந்து. பிறகு, புழுக்களால் பார்வை பறிபோகும் ஆற்றுக் குருட்டு நோயிலிருந்து கோடிக்கணக்கான மனிதர்களைக் காத்தது. இருவருக்கும் 2015இல் நோபல் கிடைத்தது.

அப்புறம் ஏன் இப்போது புதிய ஆன்டிபயாடிக்குகள் அரிதாகிவிட்டன? ஒரு காரணம், மண்ணில் உள்ள பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பான்மையானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்வதில்லை. எளிதில் வளர்பவற்றை மறுபடி மறுபடி தேடியதில், ஏற்கெனவே தெரிந்த மருந்துகளே திரும்பத் திரும்பக் கிடைத்தன. இந்தச் சுவரை உடைக்க வந்த ஒரு வழி மிக எளிமையானது. பாக்டீரியாவை நுண்துளைச் சவ்வுகளுக்கு நடுவே அடைத்து, அதை எடுத்த மண்ணுக்குள்ளேயே திரும்பப் புதைத்துவிடுவது. அதற்கு வேண்டிய சத்துகள் மண்ணிலிருந்தே கசிந்து வரும். இப்படி வளர்த்த ஒரு பாக்டீரியாவிலிருந்து டெய்க்ஸோபாக்டின் என்ற புதிய பொருளைக் கண்டதாக 2015இல் கிம் லூயிஸ் குழு அறிவித்தது. புதிய மருந்து வகையைத் தேடிப் போனவர்கள் முதலில் புதிய வளர்ப்பு முறையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்ப்புத்திறன் எங்கிருந்து வருகிறது

1945இல் நோபல் உரையில் ஃபிளெமிங் எச்சரித்தார்: குறைந்த அளவு பெனிசிலினில் பாக்டீரியாவை வளர்த்தால் அது மருந்துக்குப் பழகிவிடும். மருத்துவர்கள் அந்த எச்சரிக்கையை ஒழுங்கீனமான நோயாளிகளைப் பற்றியதாகவே நீண்ட காலம் எடுத்துக்கொண்டார்கள். விஷயம் அதைவிட ஆழமானது.

1950களில் ஜப்பானில் சீதபேதிக்குக் காரணமான ஷிகெல்லா கிருமிகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஒரே கிருமி நான்கு மருந்துகளை ஒரே நேரத்தில் எதிர்த்து நின்றது. தற்செயல் மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்திருந்தால் இவ்வளவு வேகமாக நடந்திருக்க முடியாது. எதிர்ப்புத்திறன் உள்ள குடல் பாக்டீரியாவை ஷிகெல்லாவோடு கலந்து வைத்தால் அந்தத் திறன் மொத்தமாக இடம் மாறுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்களில் எதிர்ப்பு மரபணுக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வளையத்தை ஒரு பாக்டீரியா வேறொரு இனத்துக்குக்கூடக் கொடுத்துவிடும். எதிர்ப்புத்திறன் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் வருவதில்லை, பக்கத்தில் இருப்பவரிடமிருந்தும் வருகிறது.

அந்த மரபணுக்கள் நம் மருந்துகளால் புதிதாகப் பிறந்தவையும் இல்லை. கனடாவின் யூகான் பகுதியில் சுமார் 30,000 ஆண்டுகளாக உறைந்திருந்த மண்ணில், இன்று நாம் பயன்படுத்தும் மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்தன என்று 2011இல் தெரியவந்தது. ஆன்டிபயாடிக்கைச் சுரக்கும் நுண்ணுயிர்கள் உள்ள இடத்தில் அதைத் தாங்கும் நுண்ணுயிர்களும் எப்போதும் இருந்திருக்கின்றன. அந்தப் பழைய சமநிலையில் நாம் சேர்த்தது டன் கணக்கான மருந்தை.

அதில் பெரும் பங்கு மனித நோய்களுக்குப் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆரோக்கியமான பன்றிகளும் கோழிகளும் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தீவனத்தில் சிறிது சிறிதாகக் கலந்தார்கள். ஃபிளெமிங் எச்சரித்த அதே குறைந்த அளவு. கொலிஸ்டின் என்பது மற்ற எல்லா மருந்தும் தோற்ற பிறகு மருத்துவர் கடைசியாக எடுக்கும் மருந்து. 2015இல் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தார்கள். கொலிஸ்டினை எதிர்க்கும் அது பிளாஸ்மிட்டில் இருந்தது. முதலில் பன்றிகளில், பிறகு கடைகளில் விற்ற இறைச்சியில், அதன் பின் மருத்துவமனை நோயாளிகளிலும் கிடைத்தது. தேட ஆரம்பித்ததும் பல நாடுகளில் தென்பட்டது. கால்நடை வளர்ச்சிக்காகக் கொலிஸ்டின் கொடுப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. அதன் பிறகு எடுத்த மாதிரிகளில் அந்த மரபணு பன்றிகளிலும் மனிதர்களிலும் குறைந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2006இலேயே முழுமையாகத் தடைசெய்திருந்தது. பண்ணையில் எடுக்கும் முடிவு தீவிர சிகிச்சைப் பிரிவில் போய்த் தெரிகிறது. 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் மரணங்களுக்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகும் கடைசி மருந்தைத் தீவனமாகப் பயன்படுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களான ஃபாஜ்கள் இன்று மறுபடி பேசப்படுகின்றன. 1917இல் பெலிக்ஸ் டெரெல் அவற்றுக்குப் பெயர் வைத்துச் சிகிச்சையிலும் முயன்றார். மேற்கு நாடுகள் ஆன்டிபயாடிக் வந்ததும் கைவிட்டுவிட, ஜார்ஜியாவின் திபிலிசியில் அந்த வேலை நிற்காமல் தொடர்ந்தது. ஒவ்வொரு ஃபாஜும் குறிப்பிட்ட சில பாக்டீரியா வகைகளை மட்டுமே தாக்கும். நல்ல பாக்டீரியா தப்பும் என்பது அதன் பலம். ஒவ்வொரு நோயாளிக்கும் பொருந்தும் ஃபாஜைத் தேட வேண்டும் என்பது அதன் பலவீனம். எல்லா மருத்துவமனைகளுக்கும் உரிய மருந்தாக அது மாற இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

உப்பளத்திலிருந்து ஒரு கேள்வி

ஃபாஜ்களைத் தாக்குப்பிடிக்க பாக்டீரியாக்கள் வைத்திருந்த ஏற்பாடுதான் இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய மருத்துவக் கருவியானது. ஸ்பெயினின் அலிகாண்டே பகுதியில் பிரான்சிஸ்கோ மொஹிகா என்ற மாணவர், உப்பளத்தில் வாழும் ஒரு நுண்ணுயிர் அவ்வளவு உப்பை எப்படித் தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் டி.என்.ஏ.வில் ஒரே வரிசை, சீரான இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப வந்தது. 1987இலேயே ஜப்பானில் யோஷிசுமி இஷினோ குழு வேறொரு பாக்டீரியாவில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தது, பொருள் புரியவில்லை. மொஹிகா பத்தாண்டுக்கு மேல் அதை விடவில்லை. அந்த இடைவெளிகளில் இருப்பவை வைரஸ்களின் துண்டுகள் என்று கண்டார். அப்படியென்றால் இது பாக்டீரியாவின் நோயெதிர்ப்பு நினைவு. முன்பு தாக்கிய வைரஸின் அடையாளத்தைச் சேமித்து வைத்து, அது மறுபடி வந்தால் வெட்டிப்போடும் ஏற்பாடு. அந்தக் கட்டுரையைப் பெரிய ஆய்விதழ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிராகரித்தன. 2005இல்தான் வெளிவந்தது.

உண்மைதானா என்பதை 2007இல் நிரூபித்தவர்கள் தயிர், பாலாடைக்கட்டிக்கான உறைபாக்டீரியா தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். ஃபாஜ் தாக்கினால் அவர்களுடைய பாக்டீரியாக் கலன் மொத்தமும் வீணாகும், அதனால் அவர்களுக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி. 2012இல் ஜெனிபர் டௌட்னாவும் எம்மானுவெல் ஷார்பென்டியேவும் அந்த வெட்டும் புரதத்தை டி.என்.ஏ.வில் நாம் காட்டும் இடத்தில் வெட்ட வைக்க முடியும் என்று காட்டினார்கள். இதுதான் கிரிஸ்பர். 2023 நவம்பரில் பிரிட்டன் அரிவாள் செல் இரத்தசோகைக்குக் கிரிஸ்பர் வழியிலான முதல் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. உப்பளத்து நுண்ணுயிரைப் படிக்கப் பணம் கேட்ட மாணவரிடம், இதனால் யாருக்கு என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது.

இதே பாதையில் வந்தவை இன்னும் உண்டு. 1966இல் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் ஒரு வெந்நீர் ஊற்றில் சுமார் 70 டிகிரி வெப்பத்தில் வளரும் பாக்டீரியாவை எடுத்தார்கள். கொதிநிலைக்குப் பக்கத்திலும் சிதையாத அதன் நொதிதான் பின்னாளில், துளி டி.என்.ஏ.வையும் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையை எங்கும் செய்யக்கூடியதாக்கியது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகள் அந்த முறையில்தான் சோதிக்கப்பட்டன. ஃபாஜ்களை வெட்ட பாக்டீரியா வைத்திருந்த வேறு நொதிகள் மரபணுப் பொறியியலுக்கு வழி திறந்தன. 1982 முதல் சர்க்கரை நோயாளிகளுக்கு பாக்டீரியா தயாரித்த மனித இன்சுலின் கிடைக்கிறது. அதற்கு முன் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

நோய் வரும் முன் பார்ப்பது

நோய்த் தடுப்பில் தடுப்பூசிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள். அதே போல ஒழிந்த இன்னொரு நோய் இருப்பது பலருக்குத் தெரியாது. ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோய் 1890களில் ஆப்பிரிக்காவின் மாடுகளில் பெரும்பகுதியைக் கொன்றது. உழவு மாடும் பாலும் இல்லாமல் எத்தியோப்பியாவில் பெரும் பஞ்சம் வந்தது. கென்யாவில் வால்டர் பிளௌரைட், வைரஸைக் கன்றின் சிறுநீரகச் செல்களில் மறுபடி மறுபடி வளர்த்து வீரியம் இழக்கச் செய்து தடுப்பூசி உருவாக்கினார். பின்னர் வெப்பத்தைத் தாங்கும் வகையும் வந்ததால், குளிர்பெட்டி போகாத இடங்களுக்கும் அது போனது. 2011இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். மாட்டைக் காப்பாற்றியது மனிதரைப் பஞ்சத்திலிருந்து காப்பாற்றியதும்தான்.

இப்போது சாக்கடைக்கு வருவோம். போலியோ தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் பக்கவாதம் வருகிறது. ஒரு குழந்தை நடக்க முடியாமல் போன பிறகு விழித்தால், வைரஸ் அதற்குள் நூற்றுக்கணக்கானவர்களைத் தொட்டிருக்கும். ஆனால் தொற்றியவர்களின் மலத்தில் வைரஸ் வெளிவருகிறது. அதனால் கழிவுநீரைத் தொடர்ந்து சோதிக்கிறார்கள். 2013இல் இஸ்ரேலில் கழிவுநீரில் 'காட்டு' வகை, அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் தென்பட்டது. உடனே குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் பெரிய இயக்கம் நடந்தது. ஒரு குழந்தைக்குக்கூடப் பக்கவாதம் வரவில்லை. கோவிட்டுக்குப் பிறகு பல நாடுகள் இந்த முறையை மற்ற கிருமிகளுக்கும் விரித்தன. மலிவானது, யாரையும் தனியாக அடையாளம் காட்டாதது, சோதனைக்கு வரத் தயங்குபவர்களையும் விட்டுவிடாதது. பொதுச் சுகாதாரத்தில் இதைவிடச் சிக்கனமான முதலீடு அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

டெங்குவுக்கான வழி இன்னும் வியப்பானது. வோல்பாக்கியா என்பது பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா. 1924இல் ஒரு கொசு இனத்தில் கண்டார்கள், பிறகு பல பத்தாண்டுகள் அது பூச்சியியலாளர்கள் சிலரின் ஆர்வத்தோடு நின்றது. தாயின் முட்டை வழியாக மட்டுமே பரவும் இந்த பாக்டீரியா, தன் பரவலுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அது உள்ள ஆண் பூச்சி, அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பாக்டீரியா உள்ள பெண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எனவே தலைமுறைக்குத் தலைமுறை வோல்பாக்கியா உள்ள கூட்டமே பெருகும். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசுவில் இயற்கையில் இது இல்லை. ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீல் குழு, பழ ஈயில் இருந்த வோல்பாக்கியாவைப் பல ஆண்டு முயன்று அந்தக் கொசுவின் முட்டைக்குள் செலுத்தியது. அதன் பிறகு கொசுவின் உடலில் டெங்கு வைரஸால் சரியாகப் பெருக முடியவில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளிவந்தது. இந்தக் கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதமும், டெங்குவுக்காக மருத்துவமனையில் சேர்வது 86 சதவீதமும் குறைந்திருந்தன. இதற்குப் புகை மருந்தோ பூச்சிக்கொல்லியோ தேவைப்படவில்லை, கொசுக்களை ஒழிக்க வேண்டியும் வரவில்லை.

வேரில் நடக்கும் வேலை

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகியிருப்பதால் பயிருக்கு அது எட்டாது. தொழிற்சாலையில் இந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியா தயாரிக்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூறு மடங்குக்கும் அதிகமான காற்றழுத்தமும் வேண்டும். உலகின் மொத்த ஆற்றல் செலவில் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் இதற்கே போகிறது. யூரியா இல்லாமல் இன்றைய மக்கள் தொகைக்குச் சோறு போட்டிருக்க முடியாது, இதை மறுக்கக் கூடாது. அதே நேரம், பயிர் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சும் உரத்தை மண் பாக்டீரியாக்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றுகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 270 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு.

பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் இதே வேலையைச் சாதாரண வெப்பத்தில் செய்கின்றன என்பதை 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் காட்டினார்கள், 1888இல் பெய்ரிங்க் அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். வேர் ஒரு வேதிப்பொருளைச் சுரந்து அழைக்கிறது, பாக்டீரியா இன்னொரு வேதிப்பொருளால் பதில் சொல்கிறது. இரண்டும் பொருந்தினால்தான் வேர் உள்ளே விடுகிறது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். அதனால் முடிச்சுக்குள் நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் போன்ற ஒரு புரதம் ஆக்ஸிஜனைக் கட்டுப்படுத்துகிறது. நன்றாக வேலை செய்யும் முடிச்சைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான்.

இந்த அறிவு ஒரு நாட்டின் வேளாண்மையை எப்படி மாற்றும் என்பதற்குப் பிரேசில் சாட்சி. யோஹானா டோபரெய்னர் என்ற மண் நுண்ணுயிரியலாளர், சோயாவுக்கு நைட்ரஜன் உரம் போடுவதை நம்பாமல் பாக்டீரியாவோடு நன்றாகச் சேரும் சோயா ரகங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1960களில் வாதாடினார். நாடு அந்த வழியில் போனது. இன்று உலகின் மிகப் பெரிய சோயா உற்பத்தி நாடுகளில் ஒன்றான பிரேசில், அந்தப் பயிருக்கு நைட்ரஜன் உரம் ஏறக்குறைய போடுவதே இல்லை. ஒரு பயிர் ரகத்தைத் தேர்வு செய்யும் மேசையில் நுண்ணுயிரியலாளருக்கும் ஓர் இடம் இருந்ததால் வந்த பலன் இது.

சரி, அப்படியென்றால் இத்தகைய பாக்டீரியாவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் உயிர் உரம் ஒவ்வொரு வயலிலும் ஏன் பலன் தருவதில்லை? இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் உள்ள பாக்டீரியா வயலுக்குப் போய்ச் சேரும் முன்பே வெப்பத்தில் செத்திருக்கலாம். உயிரோடு போனாலும், அந்த மண்ணில் ஏற்கெனவே வேரூன்றிய உள்ளூர் பாக்டீரியாக்கள் அதை ஒதுக்கிவிடும். அமிலத்தன்மை, உப்பு, வறட்சி எல்லாம் முடிவை மாற்றும். ஆய்வுக்கூடத் தொட்டியில் கிடைத்த விளைச்சலைத் துண்டறிக்கையில் அச்சடித்து விற்பது விவசாயியை ஏமாற்றுவது. ஒவ்வொரு வட்டாரத்து மண்ணுக்கும் ஏற்ற வகையைத் தேடிப் பிரித்து, வயலிலேயே பல பருவம் சோதித்துத் தருவதுதான் நேர்மையான வழி. அஃப்ளாடாக்சின் விஷயத்தில் அந்தந்த நாட்டுப் பூஞ்சையைத் தேடியது அதனால்தான் பலித்தது.

பூச்சித் தடுப்பில் 'பிடி' (Bt) எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா இன்னொரு பாடம் தருகிறது. 1901இல் ஜப்பானில் இஷிவாதா பட்டுப்புழுக்களைக் கொன்ற நோயில் அதைக் கண்டார். அதன் படிகப் புரதம் கம்பளிப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து குடல் சுவரில் துளையிடும். நம் குடலில் அது பற்றிக்கொள்ள இடமே இல்லை. தெளிப்பு மருந்தாக வந்தது, 1996 முதல் அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பயிருக்குள்ளேயே சேர்த்த ரகங்களும் வந்தன. ஆனால் 1990இலேயே வைர முதுகு அந்துப்பூச்சி தெளிப்பைத் தாங்கப் பழகிவிட்டதைப் பதிவுசெய்திருந்தார்கள். ஒரே ஆயுதத்தை எல்லா இடத்திலும் எல்லா நேரமும் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதைக் காசநோய் சோதனை 1948இலேயே காட்டியிருந்தது. மருத்துவத்தில் கற்ற அந்தக் கணக்கை வேளாண்மை மறுபடி விலை கொடுத்துக் கற்றது. வயலின் ஒரு பகுதியில் 'பிடி' மரபணு இல்லாத பயிரை வைத்து, பழகாத பூச்சிகளும் பிழைக்க விடும் முறை அந்தப் படிப்பினையிலிருந்து வந்தது.

கோதுமையும் நெல்லும் மக்காச்சோளமும் தாமே நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்பது இந்தத் துறையின் நெடுநாள் கனவு. அதில் ஒரு புதிய வெளிச்சம் கடலிலிருந்து வந்திருக்கிறது. 1998இல் ஜோனதன் ஜேர், பசிபிக் கடல்நீரில் நைட்ரஜன் பிடிக்கும் ஒரு அறியாத பாக்டீரியாவின் டி.என்.ஏ. வரிசையைக் கண்டார். யாருடையது என்று தெரியவில்லை. ஜப்பானில் கியோகோ ஹாகினோ பத்தாண்டுக்கும் மேலாக ஒரு கடல் பாசியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முயன்று கடைசியில் வளர்த்துவிட்டார். அந்த பாக்டீரியா அந்தப் பாசிக்குள் இருந்தது. 2024இல் வெளியான ஆய்வு, அது இப்போது தனி உயிராக இல்லை, பாசியின் உறுப்பாகவே மாறிவிட்டது என்று காட்டியது. நைட்ரோபிளாஸ்ட் என்று பெயரிட்டார்கள். பாசியின் செல் பிரியும்போது அதுவும் சேர்ந்து பிரிகிறது. தனக்கு வேண்டிய புரதங்களில் கணிசமானவற்றைப் பாசியிடமிருந்தே வாங்குகிறது. அப்படி உள்ளே அனுப்பப்படும் புரதங்களுக்கு முகவரிபோல ஒரு வால்பகுதி இருக்கிறது. ஒரு பயிரின் செல்லுக்குள் நைட்ரஜன் பிடிக்கும் உறுப்பை வைப்பதற்கு எந்தெந்தப் புரதங்களை, எந்த முகவரியோடு அனுப்ப வேண்டும் என்பதற்கு இயற்கை எழுதிய ஒரு விடை இந்தப் பாசிக்குள் இருக்கிறது. அதை வரி வரியாகப் படிக்கும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.